பின்னல் பூந்தொட்டியில் என்ன பிழை? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியறையில் சனிக்கிழமை மாலைகளில் ஏழெட்டுப் பெண்கள் குரோஷே ஊசியும் நூலுமாக உட்காருவது வழக்கம். நாங்கள் அதிகம் பின்னுவது உள்ளங்கையில் அடங்கும் பூந்தொட்டிதான்: பழுப்பு நூலில் ஒரு தொட்டி, கம்பியின் மேல் பச்சை நூல் சுற்றிய தண்டு, இரண்டு மூன்று இலைகள், உச்சியில் ஒரு பூ. நவராத்திரியில் கொலு பார்க்க வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்குடன் வைத்துக் கொடுக்க, வளைகாப்புக்கு வந்தவர்கள் கையில் தர, ராயபுரத்துத் தோழியர் வீட்டில் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பக்கத்தில் வைக்க என்று ஆண்டு முழுவதும் இதற்குத் தேவை இருக்கிறது. பின்னி முடித்த அன்று அத்தனை அழகாக இருந்த செடி, பெற்றவர் வீட்டு அலமாரியில் நான்கே மாதத்தில் சாய்ந்து, தண்டில் கறை படிந்து, பூத் தலை தொங்கி நிற்பதைப் பார்க்க நேர்ந்த வருத்தத்தில்தான் இந்தக் குறிப்புகளை எழுதத் தொடங்கினேன்.

இந்த வேலையில் பிழை கண்ணில் படும் இடமும் பிழை நடந்த இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. தொட்டியின் வாய் கோணினால் காரணம் அடிவட்டத்தின் மூன்றாம் சுற்றில் இருக்கும். பூ வாடியதுபோல் தொங்கினால் பூவில் குறையே இருக்காது, உள்ளே இருக்கும் கம்பியில் இருக்கும். ஆகவே கண்ட இடத்தில் பசையைத் தடவி மறைக்காமல், அறிகுறியிலிருந்து பின்னோக்கிச் சென்று காரணத்தைத் தேடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு வேண்டும் என்பதற்காக, நாங்கள் பின்னும் தொட்டியின் அளவைச் சொல்லிவிடுகிறேன். மில்க் காட்டன் எனப்படும் மென்மையான பருத்திக் கலப்பு நூல், 2.5 மி.மீ. ஊசி, அடிவட்டம் 24 தையல், அதற்கு மேல் கூட்டாமல் குறைக்காமல் ஏழெட்டுச் சுற்று. தொட்டி சுமார் 4 செ.மீ. அகலமும் ஏறக்குறைய அதே உயரமும் வரும். தண்டும் பூவும் சேர்ந்து தொட்டிக்கு மேலே 7 அல்லது 8 செ.மீ. நிற்கும்.

அடிவட்டம் கிண்ணம்போல் குழிகிறது, அல்லது ஓரம் அப்பளம்போல் நெளிகிறது

குழிந்தால் தையல்கள் போதவில்லை என்றும், நெளிந்தால் தையல்கள் மிகுந்துவிட்டன என்றும் பொருள். குரோஷேயின் அடிப்படைத் தையலான சிங்கிள் குரோஷேயில் தட்டையான வட்டம் வேண்டுமானால் மேஜிக் ரிங்கில், அதாவது வாலை இழுத்தால் இறுகும் நூல் வளையத்தில், 6 தையல்களோடு தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் 6 தையல்களைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரே தையலுக்குள் இரண்டு தையல் போடுவதுதான் கூட்டல். அதாவது 6, 12, 18, 24 என்று வளர வேண்டும். இந்த ஆறு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் கணக்கு மறக்காது. வட்டத்தின் சுற்றளவு அதன் ஆரத்தைப்போல் ஏறக்குறைய ஆறேகால் மடங்கு என்பது பள்ளியில் படித்த கணக்கு. சிங்கிள் குரோஷே அகலமும் உயரமும் கிட்டத்தட்டச் சமமாக அமையும் தையல் என்பதால், ஆரம் ஒரு தையல் உயரம் வளரும்போது சுற்றளவு ஏறக்குறைய ஆறு தையல் அகலம் வளர்ந்தாக வேண்டும். உயரமான தையல்களுக்கு இந்த எண்ணும் உயரும். ஹாஃப் டபுள் குரோஷேயில் 8, டபுள் குரோஷேயில் 12 என்று தொடங்கி அதே எண்ணைக் கூட்டிச் செல்வதே வழக்கம்.

எனவே முதலில் எண்ணுங்கள். சுற்றின் முதல் தையலில் ஓர் ஊக்கை மாட்டி வைத்துவிட்டு எண்ணினால் குழப்பம் வராது. ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தை அடையாளம் வைக்காமல் சுருளாகப் பின்னிக்கொண்டே போவதுதான் எங்கள் அறையில் நான் காணும் பிழைகளில் பாதிக்குக் காரணம். எண்ணிக்கை சரியாக இருந்தும் வட்டம் குழிந்தால் கை இறுக்கமாகப் பின்னுகிறது என்று அறிந்து, ஊசியை 3 மி.மீ.க்கு மாற்றிப் பாருங்கள்.

வட்டம் தட்டையாக இருந்தும் வட்டமாக இல்லாமல் ஆறு மூலைகளோடு தெரிந்தால், கூட்டும் இடங்கள் ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றன் மேல் ஒன்றாக விழுகின்றன. நான்காம் சுற்றை இரண்டு தையல், ஒரு கூட்டல் என்று தொடங்காமல், ஒரு தையல், ஒரு கூட்டல், பிறகு இரண்டு தையலும் ஒரு கூட்டலுமாக ஐந்து முறை, கடைசியில் ஒரு தையல் என்று பின்னினால் எண்ணிக்கை அதே 24 ஆக வரும். மூலைகள் இடம் மாறி ஒன்றையொன்று மறைத்துவிடும். பத்துத் தொட்டிகள் வரிசையாக வைக்கும் கொலுப்படியில் இந்தச் சிறிய மாற்றம் நன்றாகவே தெரியும்.

அடியும் சுவரும் சேரும் இடத்தில் விளிம்பு இல்லாமல் தொட்டி முட்டைபோல் உருண்டு நிற்கிறது

கூட்டுவதை நிறுத்திய முதல் சுற்றில் தையலின் இரண்டு இழைகளுக்குள்ளும் ஊசியை விட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு சுற்றை மட்டும் பின்னிழைக்குள் விட்டுப் பின்னினால் வெளியே ஒரு கோடு விழுந்து, சுவர் நிமிர்ந்து எழும். கூடவே அடிக்குள் ஒரு வட்ட அட்டையோ, பழைய தயிர் டப்பாவின் மூடியிலிருந்து வெட்டிய பிளாஸ்டிக் வட்டமோ வைப்பது நல்லது. மழைக்காலத்தில் அட்டை ஊறிப்போகும் என்பதால் நான் பிளாஸ்டிக்கையே விரும்புகிறேன்.

வெளிப்பக்கத்தில் V வடிவங்களுக்குப் பதிலாகக் குறுக்குக் கோடுகள் தெரிகின்றனவா? தொட்டி உள்வெளியாகத் திரும்பி இருக்கிறது. மூன்று சுற்றுக்குள் கவனித்தால் விரலால் புரட்டிவிடலாம். அதன் பிறகு புரட்டினால் தையல் இழுபடும்.

நடுவில் சிறு துளை விழுகிறது, அல்லது சில வாரங்களில் பூவின் நடு திறந்துகொள்கிறது

மேஜிக் ரிங்கின் வால்நூலை இழுத்துவிட்டு ஒட்ட நறுக்கியதே காரணம். வாலை 12 செ.மீ. அளவுக்காவது விட்டு, தையல் ஊசியில் கோத்து, வளையத்தைச் சுற்றி ஒரு திசையில் ஒரு முறை, பிறகு ஓர் இழையைத் தாண்டி எதிர்த்திசையில் ஒரு முறை ஓட்டிய பிறகே நறுக்க வேண்டும். ஒரே திசையில் எத்தனை முறை ஓட்டினாலும் வழுக்கும் நூல் வந்த வழியே வெளியேறிவிடும். வளையத்தைத் தொடங்கும்போதே நூலை விரலில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்வது இன்னும் உறுதியானது.

தையல்களுக்கு இடையில் பஞ்சு எட்டிப் பார்க்கிறது

இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. மூன்றும் சேர்ந்தும் இருக்கலாம். ஊசி பெரிதாக இருக்கலாம். நூலை இழுக்கும் முறை இரண்டாவது காரணம். நூலை ஊசியின் மேலாகச் சுற்றி இழுப்பதற்குப் பதிலாக, முதல் இழுப்பில் மட்டும் ஊசிக் கொக்கியால் நூலைக் கீழிருந்து பற்றி இழுத்தால், V போலத் தெரியும் தையல் X போல நெருங்கி அமையும். இடைவெளி கணிசமாகக் குறையும். ஒரே தொட்டியில் இரண்டு முறைகளையும் கலந்துவிடாமல் இருக்க வேண்டும், ஏனெனில் இறுக்கம் மாறுவது பட்டையாகத் தெரியும்.

மூன்றாவது காரணம் பஞ்சு. வீட்டில் பழைய தலையணை கிழிந்தால் இலவம் பஞ்சை எடுத்து அடைப்பது நமக்கு இயல்பாக வருகிறது. இலவம் பஞ்சின் இழை குட்டையானது, வழுவழுப்பானது. ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாமல் சிறு துளை வழியாகவும் நழுவி வெளியே வரும், நாளாவட்டத்தில் அமுங்கித் தொட்டியைச் சுருங்கவும் செய்யும். பாலியஸ்டர் பஞ்சை விரலால் பிரித்துப் பிரித்துச் சிறு சிறு அளவாக அடையுங்கள். கறுப்பு, கரும்பழுப்புத் தொட்டிகளுக்கு அதே நிற நூலின் கழிவுத் துண்டுகளை ஓரமாகச் சுற்றி அடைத்து, நடுவில் பஞ்சு வைத்தால் வெண்மை தெரியவே தெரியாது.

ஐந்து இதழ்ப் பூவில் ஒரு பக்கம் நெருக்கமும் ஒரு பக்கம் இடைவெளியுமாக இருக்கிறது

கை பழக்கத்தில் 6 தையல் வளையம் போட்டுவிட்டீர்கள். நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணிக்கும் செம்பருத்திக்கும் ஒற்றை நந்தியாவட்டைக்கும் ஐந்து இதழ்கள். ஆறில் ஐந்தைச் சமமாகப் பிரிக்க வழியில்லை. வளையத்தில் 5 தையல் போட்டு ஒவ்வொன்றிலும் ஓர் இதழ் வரும்படி செய்யுங்கள், பெரிய பூ வேண்டுமானால் 10 தையல் போட்டு இரண்டிரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு இதழ்கள் வேண்டும் என்றால் நம் மாநில மலரான செங்காந்தள் இருக்கிறது. அதன் இதழ்கள் ஓரம் நெளிந்து மேல்நோக்கி வளைந்திருப்பதால், மற்றப் பூக்களில் பிழையாகத் தெரியும் நெளிவு அதில் அழகாகிவிடுகிறது.

மாதிரிப் படத்தில் சிறிதாக இருக்கும் பூ, உங்கள் கையில் இரு மடங்கு உயரமாக வருகிறது

இது உங்கள் கையின் பிழையே அல்ல. தையல்களின் பெயர்கள் அமெரிக்க வழக்கிலும் பிரிட்டிஷ் வழக்கிலும் வேறுபடுகின்றன. அமெரிக்கர் சிங்கிள் குரோஷே என்று சொல்வதையே பிரிட்டிஷார் டபுள் குரோஷே என்கிறார்கள். அமெரிக்கரின் டபுள் குரோஷே பிரிட்டிஷாருக்கு டிரெபிள். கான்வென்ட் பள்ளிகளில் கற்ற பெரியவர்கள் பிரிட்டிஷ் பெயர்களையும், கைப்பேசியில் காணொளி பார்த்துக் கற்ற இளையவர்கள் அமெரிக்கப் பெயர்களையும் சொல்வதால், எங்கள் அறையிலேயே இது பலமுறை நடந்திருக்கிறது. குறிப்பில் எங்காவது சிங்கிள் குரோஷே என்ற சொல் இருந்தால் அது அமெரிக்க வழக்கு என்று உறுதி கொள்ளலாம், ஏனெனில் இன்றைய பிரிட்டிஷ் வழக்கில் அந்தப் பெயரே கிடையாது. இந்தக் கட்டுரை முழுவதும் நான் அமெரிக்க வழக்கையே பின்பற்றுகிறேன்.

இதழும் இலையும் உள்ளே சுருண்டுகொள்கின்றன

இலையைச் சங்கிலித் தையலில் தொடங்கும்போது அந்தச் சங்கிலி இறுக்கமாக இருந்தால், அதன் மேல் எவ்வளவு தளர்வாகப் பின்னினாலும் இலை நடுநரம்பை நோக்கி மடங்கும். சங்கிலியை மட்டும் ஓர் அளவு பெரிய ஊசியால் போட்டு, மீதியைப் பழைய ஊசியால் பின்னுவது எளிய தீர்வு. ஏற்கெனவே பின்னி முடித்ததை ஈரப்படுத்தி, ஒரு தெர்மோகோல் பலகையில் துருப்பிடிக்காத குண்டூசிகளால் விரித்துக் குத்தி, நிழலில் காயவிடுங்கள். பருத்திக்கு இது போதும். அக்ரிலிக் நூலின் மேல் இஸ்திரிப் பெட்டியை நேரடியாக வைக்கவே கூடாது. சூட்டில் இழை இளகிப் பளபளப்பான, உயிரற்ற தகடாகிவிடும், பிறகு மீட்க முடியாது.

விறைப்பாக நிற்க வேண்டிய இதழ்களுக்குக் கஞ்சி போடலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். காட்டன் புடவைக்குக் கஞ்சி போடும் வீடுகளில் இது இயல்பான எண்ணமே. சோற்றுக் கஞ்சியோ ஜவ்வரிசிக் கஞ்சியோ முதல் வாரத்தில் அழகாக விறைக்கும். ஆனால் புடவையைத் துவைத்து மறுபடி கஞ்சி போடுகிறோம். பூந்தொட்டியை யாரும் அப்படிச் செய்வதில்லை. ஐப்பசி மழையில் கஞ்சி ஈரத்தை உறிஞ்சித் தளர்கிறது, மாவுப்பொருள் என்பதால் கரப்பானையும் புத்தகப் பூச்சியையும் வரவழைக்கிறது. ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை ஒரு பங்குக்குத் தண்ணீர் மூன்று பங்கு சேர்த்துக் கரைத்து, இதழின் பின்பக்கத்தில் மட்டும் தூரிகையால் தடவுவதையே நான் பரிந்துரைக்கிறேன். அதுவும் தண்ணீர் பட்டால் இளகும் என்பதால், பெற்றவரிடம் கழுவ வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள்.

பூத் தலை தொங்குகிறது, அல்லது தண்டைச் சுற்றிச் சுழல்கிறது

தொங்கினால் கம்பி மெலிந்தது. கம்பியின் கேஜ் எண் கூடக் கூடக் கனம் குறையும் என்பதை மறந்து பெரிய எண்ணை வாங்கி வருபவர்கள் பலர். 18 கேஜ் சுமார் 1.2 மி.மீ., 20 கேஜ் சுமார் 0.9 மி.மீ., 24 கேஜ் வெறும் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஒற்றை அடுக்கு நித்தியகல்யாணிக்கு 20 கேஜ் போதும். சாமந்திபோல் இதழ் அடுக்கிய கனத்த பூவுக்கு 18 வேண்டும், அல்லது 20 கேஜ் கம்பியை இரண்டாக மடித்து முறுக்கிக்கொள்ளலாம்.

சுழன்றால் கம்பியின் நுனி நேராகப் பூவுக்குள் குத்தி நிற்கிறது. நுனியைக் குறட்டால் ஒரு சிறிய வளையமாக மடித்து, அந்த வளையத்தைத் தண்டுக்குச் செங்குத்தாகச் சாய்த்து, பூவின் அடிப்பகுதியோடு நூலால் நாலைந்து தையல் போட்டுவிட்டால் பூ அசையாது. வளையமாக மடிப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: கூரான கம்பி நுனி குழந்தையின் விரலையோ கண்ணையோ குத்திவிடக் கூடாது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குக் கம்பி வைத்த செடியை நான் கொடுப்பதே இல்லை; தண்டு இல்லாமல் தொட்டி வாயிலேயே பூ உட்காரும்படி பின்னிக் கொடுக்கிறேன்.

பச்சைத் தண்டில் பழுப்புக் கறை தெரிகிறது

வட சென்னையில் பின்னுகிறவர்களுக்கு மற்ற எல்லாப் பிழைகளையும்விட இதுவே பெரிய எதிரி என்பதால், இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தக் கறை அழுக்கல்ல, துரு. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டி வாழும் நம் வீடுகளில் ஜன்னல் கம்பியும் கேட்டும் மாடிப்படிக் கைப்பிடியும் எப்படி அரிக்கப்படுகின்றன என்பதைத் தினமும் பார்க்கிறோம். உப்புக் காற்று இரும்பின் மேல் ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. உப்பில் உள்ள குளோரைடு துருப்பிடிப்பதை விரைவுபடுத்துகிறது. நாம் தண்டுக்குள் வைக்கும் கம்பியோ, கட்டட வேலைக்குப் பயன்படும் கட்டுக்கம்பி; வளைக்க எளிது, எந்த ஹார்டுவேர் கடையிலும் மலிவாகக் கிடைக்கிறது, ஆனால் மேல்பூச்சு ஏதும் இல்லாத வெறும் இரும்பு. அதன் மேல் ஈரத்தை உறிஞ்சும் பருத்தி நூலை நெருக்கமாகச் சுற்றுகிறோம். ஈரத்துணியில் இரும்பைப் பொதிந்து வைத்ததற்கு இது சமம். பின்னும் விரல்களின் வியர்வையிலும் உப்பு இருக்கிறது என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதைவிட மோசமான ஒன்றை நானே செய்திருக்கிறேன். தொட்டி சாயாமல் இருக்கக் கனம் வேண்டும் என்று, திருவொற்றியூர்க் கடற்கரையிலிருந்து ஒரு பை மணல் கொண்டுவந்து வெயிலில் காயவைத்து, சிறு பிளாஸ்டிக் பைகளில் கட்டித் தொட்டிக்குள் வைத்தேன். காய்ந்த மணலிலும் கடல் உப்பு இருக்கிறது. அது காற்றிலிருந்து ஈரத்தை மீண்டும் மீண்டும் இழுத்துக்கொள்ளும். கம்பியின் அடிமுனை பையைக் குத்திக்கொண்டு மணலுக்குள் நின்றதால், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை முடிந்து அலமாரியைத் திறந்தபோது, விற்பனைக்கு வைத்திருந்த பதினான்கு செடிகளில் பதினொன்றின் தண்டு அடியில் துரு ஏறித் தொட்டியின் பழுப்பு நூல்வரை பரவியிருந்தது. கடல் மணல் வைக்காத மூன்று மட்டும் தப்பின. அன்றிலிருந்து கடல் மணலைத் தொடுவதில்லை.

துருப்பிடிக்காத அலுமினியக் கம்பியே முதல் தேர்வு. அது இரும்பைவிட மென்மையானது என்பதால் 1.5 மி.மீ. கனத்தில் வாங்க வேண்டும். மோட்டார் காயில் கட்டும் கடைகளில் மிச்சமாகக் கிடைக்கும் எனாமல் பூசிய செம்புக் கம்பி இலைகளுக்கு நன்றாக இருக்கும். எனாமல் உரிந்த இடத்தில் பச்சை படியும் என்பதால் குறடு பட்ட நுனிகளைக் கவனியுங்கள். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பி கட்டுக்கம்பியைவிட எவ்வளவோ மேல். கட்டுக்கம்பியைத் தவிர வேறு கிடைக்காத நிலையில், அதை உலர்ந்த துணியால் துடைத்து, நிறமற்ற நகப்பூச்சை நுனிகள் உட்பட இரண்டு முறை பூசி, ஓர் இரவு முழுவதும் உலரவிட்ட பிறகு நூல் சுற்றுங்கள்.

கறை ஏற்கெனவே விழுந்துவிட்டால் ப்ளீச்சிங் திரவத்தை நாடாதீர்கள். குளோரின் ப்ளீச் துருக்கறையை இன்னும் அழுத்தமாக்கும். தண்டைப் பிரித்துக் கம்பியை உருவி எறிந்துவிட்டு, நூலை மட்டும் எலுமிச்சைச் சாற்றில் கால் மணி நேரம் நனைத்து, தண்ணீரில் நன்றாக அலசுங்கள். எலுமிச்சையின் அமிலம் துருவைக் கரைக்கும், ஆனால் சாயத்தையும் சற்று வெளுக்கக்கூடும் என்பதால் ஓரத்தில் ஒரு நுனியை நனைத்துப் பார்த்த பிறகே செய்ய வேண்டும். உண்மையைச் சொன்னால், ஒரு தண்டுக்கு ஆகும் நூல் இரண்டு மீட்டர்கூட இல்லை. புதிதாகச் சுற்றிவிடுவதே நேரத்துக்கும் மனத்துக்கும் நல்லது.

தொட்டி தொட்டாலே சாய்கிறது

கனம் கீழே இருக்க வேண்டும், அடியிலேயே பரவியிருக்க வேண்டும். பஞ்சை அடியில் அடைத்துவிட்டு அதன் மேல் கல்லை வைத்தால் தொட்டி முன்பைவிட எளிதாகச் சாயும். அடித் தட்டின் மேல் நேரடியாகக் கழுவி உலர்த்திய சிறு கூழாங்கற்களை, அல்லது மீன்தொட்டிக் கடைகளில் விற்கும் வண்ணக் கற்களை ஒரு துணிமுடிச்சாகக் கட்டி வைத்து, அதன் மேல் பஞ்சு அடையுங்கள்.

அரிசி, பயறு, கடுகு ஆகியவற்றைக் கனத்துக்காக வைக்க வேண்டாம். எங்கள் தோழி ஒருவர் பச்சரிசி வைத்த தொட்டிகளை ஒரு திருமணத்துக்குக் கொடுத்தார். சில மாதம் கழித்து மணப்பெண்ணின் தாயார் தொலைபேசியில், “அக்கா, நீங்க குடுத்த தொட்டியிலேர்ந்து வண்டு வருதுக்கா” என்று சொன்னபோது அவர் பட்ட வேதனையை நான் நேரில் பார்த்தேன்.

கனம் சரியாக இருந்தும் சாய்ந்தால் உயரம் மிகுந்துவிட்டது. தொட்டியின் உயரத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் தண்டும் பூவும் நீளக் கூடாது என்பது என் அனுபவக் கணக்கு. அடுக்குச் சாமந்திக்கு ஒன்றரை மடங்கே போதும். நீண்ட தண்டுதான் வேண்டும் என்றால் நூல் தொட்டியை விட்டுவிட்டு, இரண்டு அங்குலச் சுட்ட மண் தொட்டியை வாங்கிச் செடியை அதில் நடுங்கள். அதன் கனமே செடியைத் தாங்கும், மண்ணின் செம்மைக்கு அருகில் பச்சை இன்னும் எடுப்பாக இருக்கும்.

தண்டு மட்டும் தொட்டிக்குள் ஆடுகிறது என்றால், கம்பியின் அடிமுனையை ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சுருளாக வளைத்து, அந்தச் சுருளைக் கற்களுக்கு அடியில் படுக்கவைத்துவிட்டுப் பிறகு அடையுங்கள். பசையே தேவைப்படாது.

வெள்ளை இதழில் சிவப்பு ஊறுகிறது, அல்லது நிறம் மங்குகிறது

அடர் சிவப்பு, மரூன், கருநீலம் ஆகிய பருத்தி நூல்களைப் பின்னுவதற்கு முன்பே ஒரு முழம் வெட்டி, நனைத்த வெள்ளைத் துணிக்குள் வைத்து அழுத்தி ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்த நூலை வெள்ளைக்குப் பக்கத்தில் பயன்படுத்தாதீர்கள். உப்புத் தண்ணீரிலோ வினிகரிலோ ஊறவைத்தால் சாயம் நிலைத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். சாயமேற்றிய பருத்தி நூலில் அது நடப்பதில்லை. சாயம் தெளியும்வரை தண்ணீர் மாற்றி மாற்றி அலசுவதே பயன் தரும். நிறம் மங்குவதற்கு நேர் வெயில் காரணம். செடியை மேற்குப் பார்த்த ஜன்னல் திட்டில் வைக்க வேண்டாம் என்று சொல்லிக் கொடுப்பதைத் தவிர வேறு மருந்து இல்லை.

நூல் இழை இழையாகப் பிரிந்து ஊசியில் மாட்டுகிறது

மில்க் காட்டனில் முறுக்குக் குறைவு. கூரான கொக்கியை விட்டு, மழுங்கிய நுனியுள்ள ஊசிக்கு மாறுங்கள். வெளிர் நூலில் சாம்பல் நிறம் படிந்தால் அது பூச்சில்லாத அலுமினிய ஊசியின் வேலை. எஃகு ஊசியானால் வேலை முடிந்ததும் வியர்வையைத் துடைத்து உலர்ந்த டப்பாவில் வைக்க வேண்டும், இல்லையென்றால் அதற்கும் கம்பியின் கதிதான்.

ஒட்டிய இலை கழன்று விழுகிறது

குளூ கன்னால் ஒட்டிய இலைகள் கத்திரி வெயிலில் மூடிய காருக்குள் இளகி நழுவுவதைப் பலர் கண்டிருப்பார்கள். அந்தப் பசை சூட்டில் உருகி ஒட்டுவது, ஆகவே சூட்டில் மீண்டும் இளகுவதும் அதன் இயல்பு. கார் டாஷ்போர்டில் வைக்கக் கேட்பவர்களுக்குப் பசை படாத செடியையே கொடுங்கள். சில நொடிகளில் ஒட்டும் பசையைப் பருத்தி நூலில் ஊற்றுவதையும் தவிருங்கள். அது பருத்தியோடு வேகமாக வினைபுரிந்து விரலைச் சுடும் அளவுக்குச் சூடாகக்கூடும், காய்ந்த இடம் வெண்மை பூத்துக் கட்டிதட்டி நிற்கும்.

இலையைத் தைப்பதுதான் சரியான வழி. இலை பின்னும்போதே வால்நூலை 15 செ.மீ. விட்டுவையுங்கள். இலையைத் தண்டோடு பொருத்தி, வாலைக் கம்பியைச் சுற்றி மூன்று முறை இறுக்கிச் சுற்றி, தண்டின் நூல்சுற்றுக்கு அடியில் ஊசியைக் கீழ்நோக்கி விட்டு, ஓர் அங்குலம் தள்ளி வெளியே எடுத்து, நூலை லேசாக இழுத்துப் பிடித்தபடி ஒட்ட நறுக்குங்கள். விட்டதும் நுனி உள்ளே போய் மறைந்துவிடும்.

பொதிந்து வைத்த செடியில் ஈர வாடை வருகிறது

மழை நாளில் பின்னியதை அன்றே பிளாஸ்டிக் தாளில் காற்றுப் புகாமல் சுற்றிக் கட்டியதால் உள்ளே இருந்த ஈரம் வெளியேறவில்லை. பிரித்து, மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் முழுவதும் வைத்து, மருந்துப் புட்டிகளிலும் செருப்புப் பெட்டிகளிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்து, காகிதப் பெட்டியில் கொடுங்கள். சாம்பல் பூஞ்சை ஏற்கெனவே படிந்திருந்தால் அந்தத் தொட்டியை வெட்டிப் பஞ்சை வெளியே எறிந்துவிட வேண்டும். பூவையும் தண்டையும் காப்பாற்றலாம், பஞ்சைக் காப்பாற்ற முடியாது.

தூசி படிந்த செடியைத் தண்ணீரில் முக்காமல், முகத்துக்குப் பவுடர் பூசும் மென்மையான தூரிகையால் இதழின் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் துடைத்தாலே போதும்.